கன்னி நாயை ஒரு ஈத்து குட்டி போட விடலாமா, கருத்தடை செய்யலாமா?

திண்ணைவீடு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மின்னி என்று கன்னி என்ற நாட்டு இனப் பெட்டை நாய் இருக்கிறாள். கருப்பு உடம்பு, புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்பு. சிவகாசிப் பக்கம் மாமா வீட்டிலிருந்து இரண்டு மாதக் குட்டியாக வந்தவள். இப்போது வயது 14 மாதம். போன மாதம்தான் முதல் முறையாகப் பருவத்துக்கு வந்தாள். மூன்று வாரம் வாசலில் ஏழெட்டுக் கடுவன்கள் காவல் கிடந்தன. இரண்டு முறை பின்பக்கச் சுவரையும் தாண்டிவிட்டன. குளியலறையில் அடைத்து வைத்துத்தான் அவளைக் காப்பாற்றினோம்.

மாமாவின் நண்பர் ஒருவர் நல்ல கடுவன் வைத்திருக்கிறார். "அடுத்த தடவை சொல்லுங்க, கட்டிவிடலாம். எனக்கு ஒரு குட்டி, மிச்சமெல்லாம் உங்களுக்கு. ஒண்ணு பத்தாயிரத்துக்குப் போகும்" என்கிறார். அம்மாவுக்குப் பணம் பெரிதில்லை. "ஒரு ஈத்தாவது போடட்டும்டா, பெட்டையாப் பொறந்து தாயாகாம இருந்தா உடம்புக்கு ஆகாது" என்பதுதான் அவருடைய கவலை. நான் கருத்தடை செய்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் நாட்டு இனமே குறைந்துவரும்போது நல்ல பெட்டைக்குக் கருத்தடை செய்வது தப்போ என்றும் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவைச்சாரல்:
தாராளமாக விடுங்கள். எங்கள் லாப்ரடார் ஒரு ஈத்தில் ஆறு போட்டாள். வீடே திருவிழா மாதிரி இருந்தது, பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஓடி வருவார்கள். ஆறும் நல்ல வீடுகளுக்குப் போய்விட்டன. ஒரு முறை என்றால் தப்பில்லை.

மூன்றுகால்மணி:
கோவைச்சாரல், குறை சொல்லக் கேட்கவில்லை. அந்த ஆறும் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரியுமா?

சென்னைக்கு வெளியே ஒரு காப்பகத்தில் ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவை எல்லாம் தெருவில் பிறந்தவை என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். கழுத்தில் பட்டையோடு வருபவை நிறைய. "உட்கார்" என்றால் உட்காரும். கார் சத்தம் கேட்டால் கதவுக்கு ஓடும், தன்னை விட்டுப் போனவர் வந்துவிட்டார் என்று. போன வருடம் காலையில் கேட்டில் கட்டிப்போட்டிருந்த ஒரு லாப்ரடார் பெட்டைக்குக் காம்பெல்லாம் தரை வரை தொங்கியது, இடுப்பில் ரோமமே இல்லை. வருடத்துக்கு இரண்டு ஈத்து என்று கறந்துவிட்டு, இனிக் குட்டி நிற்காது என்று தெரிந்ததும் கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். எட்டு மாதம் எங்களோடு இருந்தாள். கடைசி வரை யார் கையை நீட்டினாலும் முதலில் தரையோடு படுத்துக்கொள்வாள்.

திண்ணைவீடு தம்பி, உங்களிடம் ஒன்றுதான் கேட்பேன். இன்று நீங்கள் கொடுக்கும் ஒரு குட்டி ஐந்து வயதில் திரும்பி வந்தால் உங்கள் வீட்டில் அதற்கு இடம் இருக்குமா? எட்டு குட்டி பிறந்தால் எட்டுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

கோவைச்சாரல்:
நேற்று உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஆறு பேருக்கும் போன் செய்தேன். மூன்று நாய்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்றைப் பார்வோ வைரஸ் நான்கு மாதத்திலேயே கொண்டுபோய்விட்டது, எங்களிடம் சொல்லவே இல்லை. ஒன்றை வீடு மாறும்போது "தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம்" கொடுத்தார்களாம், அவர் யார் என்று அவர்களுக்கே நினைவில்லை. ஆறாமவர் போன் எடுக்கவில்லை. ஆறும் நல்ல வீட்டில் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு தூக்கம் வரவில்லை.

ஊசிமருந்து:
நான் கால்நடை மருத்துவர், தென் மாவட்டத்தில் 16 வருடம். அம்மாவின் கவலைக்கு முதலில் பதில். ஒரு ஈத்தாவது போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. நாய்க்குத் தாயாகவில்லையே என்ற ஏக்கமும் கிடையாது. பருவம் முடிந்து இரண்டு மாதத்தில் சில பெட்டைகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மூலையில் படுக்கும், மடியில் பால்கூடச் சுரக்கும். அது ஹார்மோன் வேலை, தானே அடங்கிவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் "பாவம், குட்டிக்கு ஏங்குது" என்று முடிவு செய்கிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் பிடிக்கும். ஸ்வீடனில் நாய்க் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில் 10 வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டைக்கு அது வந்திருந்தது. வாந்தி, அதிகத் தாகம், சில சமயம் பின்பக்கம் சீழ் வடிவது. இரண்டு நாள் தாமதித்தால் உயிர் போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்கு இப்படி வரும் நாயைப் பத்து வயதில் மேசையில் போட்டு அறுப்பதைவிட, இரண்டு வயதில் ஆரோக்கியமாக இருக்கும்போது செய்வது எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்துக்கு முன் செய்தால் மார்புக் கட்டி வராது என்று நாங்களே அடித்துச் சொல்லி வந்தோம். அதற்கான சான்று அவ்வளவு வலுவானது இல்லை என்று 2012-இல் வந்த ஒரு மறுஆய்வு சொன்னது. ஆகவே "இன்றே ஓடு" என்று நான் சொல்லமாட்டேன். மின்னி இப்போதுதான் பருவம் முடிந்தவள். கருப்பைக்கு இரத்த ஓட்டம் குறைய இரண்டு மூன்று மாதம் விடுங்கள், அப்புறம் செய்யலாம்.

ஒரு முக்கியமான சேதி. கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் பார்வையால் விரட்டும் வேட்டை இனம், உடம்பில் கொழுப்பே இருக்காது. பழைய பார்பிட்யூரேட் வகை மயக்க மருந்து, உதாரணமாகத் தையோபென்டல், இப்படிப்பட்ட உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். நாய் எழவே மணிக்கணக்காகும், உயிருக்கும் ஆபத்து. எங்கே செய்தாலும் "இது கன்னி, என்ன மயக்க மருந்து கொடுப்பீர்கள்" என்று முன்கூட்டியே கேளுங்கள். அறுவை முடிந்ததும் போர்த்த ஒரு கம்பளியும் கொண்டு போங்கள், இவை சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கரிசல்காட்டான்:
தம்பி, நான் நாய் வளர்த்துக் குட்டி எடுப்பவன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் எங்கள் வீட்டில் உண்டு. அதனால் நான் "கட்டிவிடு" என்று சொல்வேன் என்று நினைக்கலாம். இல்லை.

நாட்டு இனம் குறைகிறது என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டதே, அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்போது ஊரில் அசல் நாய் தேட வேண்டியிருந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. நாட்டு மாடு, நாட்டு நாய் என்று எல்லோருக்கும் ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை. ஆனால் எண்ணிக்கை கூடினால் இனம் காப்பாற்றப்பட்டது என்று ஆகிவிடாது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற ஒரு கடுவனையே எல்லோரும் தேடிப்போய்க் கட்டினார்கள். ஐந்து வருடத்தில் எந்தக் குட்டியைப் பார்த்தாலும் அதன் பேரன், பேத்தி. அண்ணன் தங்கச்சியைக் கட்டிவிட்டு "சுத்த ரத்தம்" என்று விற்றவர்களை எனக்குத் தெரியும். குட்டி சாகிறது, காய்ச்சல் என்கிறார்கள். கடுவனுக்கு விதை இறங்கவில்லை, ராசி என்கிறார்கள்.

ராஜபாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, அதற்குத்தான் விலை. அந்த வெள்ளையோடு சேர்ந்தே செவிடும் வருகிறது. நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்கும் வேண்டும், அவை இல்லாவிட்டால் காது செத்துவிடும். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள், ஒரு குட்டி மட்டும் அசையாது. அதற்கு இரண்டு காதும் போயிருக்கலாம். ஒரு காது மட்டும் போனதை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மின்முனை வைத்துச் செய்யும் சோதனை வேண்டும். அந்த ஒரு காது நாயைத்தான் நல்ல நாய் என்று நினைத்துக் கட்டுகிறோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஈத்தில் ஒரு குட்டி புள்ளியோடு பிறந்தால் மறுநாள் காலையில் அந்தக் குட்டி இருக்காது. யாரும் எதுவும் பேசமாட்டார்கள். வெள்ளையை மட்டுமே காப்பாற்றிச் செவிட்டை வளர்த்திருக்கிறோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மின்னிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, கருப்பு நாய். ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். பெட்டைக்கு இரண்டு வயது ஆகும் வரை தொடமாட்டேன். குணம் பார்ப்பேன். அன்னியர் வந்தால் குரைக்கட்டும், பயந்து கடிக்கும் பெட்டை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவளுக்குக் குட்டி கிடையாது. தாய் வழி, தகப்பன் வழி மூன்று தலைமுறை எழுதி வைத்திருக்கிறேன். கட்டுவதற்கு முன் இரண்டு நாய்க்கும் புருசெல்லா சோதனை. அது வந்தால் குட்டி கலையும், மனிதருக்கும் தொற்றும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், குட்டி வேண்டும் என்று ஆறு வீடாவது முன்கூட்டியே சொல்லி, நான் போய் அந்த வீட்டைப் பார்த்த பிறகுதான் கட்டுவேன். பிறந்த பிறகு ஆள் தேடுவதில்தான் எல்லா வினையும்.

ஏழு வருடத்தில் நான்கு ஈத்து, 27 குட்டி. அதில் ஐந்து என்னிடம் திரும்பி வந்தன. ஒரு கன்னியை மூன்றாவது மாடியில் பால்கனியில் கட்டி வைத்திருந்தார்கள். ஓடப் பிறந்த நாய் ஒன்றரை வருடம் ஆறடிச் சங்கிலியில். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்ததும் "கூட்டிட்டுப் போங்க" என்று போன். இரவோடு இரவாக வேன் பிடித்துப் போனேன். வேண்டாம் என்றால் என்னிடமே தர வேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தேன். அந்தத் தாள் மட்டும் இல்லை என்றால் அவன் தெருவில்தான்.

செலவும் கேட்டுக்கொள்ளுங்கள். தாய்க்குத் தீவனம், ஸ்கேன், குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி. இரவில் குட்டி சிக்கினால் அறுவை. ஒழுங்காகச் செய்பவன் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. லாபம் நிற்கிறது என்றால் இதில் எதையோ விட்டுவிட்டார்கள்.

படிவம்17:
சட்டம் தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் சுருக்கமாக. மத்திய அரசு 2017 மே மாதம் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றித் தனி விதிகள் கொண்டு வந்தது. விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்து. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கட்டுவதற்கு முன் மருத்துவர் சான்று, நாய்க்கு மைக்ரோசிப், பதிவேடு எல்லாம் உண்டு. சந்தையில் கூண்டில் போட்டு 35 நாள் குட்டியை விற்பதெல்லாம் இந்த விதிக்கு நேர் எதிர்.

2024-இல் தமிழ்நாடு அரசும் ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் போன்ற, நம் வெயிலுக்கு ஒவ்வாத இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்பது அதில் வருகிறது. மே மாத வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் மூச்சிரைக்கும் ஹஸ்கியைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கரிசல்காட்டான்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கென்னல் கிளப் தாள் இருக்கிறது என்று காட்டி விலை பேசுவார்கள். அந்தத் தாள் அப்பன் ஆத்தா யார் என்று சொல்லும். இடுப்பு எலும்பு சரியா, காது கேட்குமா என்று சொல்லாது. தாயைக் காட்டாமல் குட்டியை மட்டும் காட்டுபவரிடம் வாங்காதீர்கள்.

தெருவிளக்கு:
மன்னிக்கவும், எனக்கு இந்த விவாதமே வலிக்கிறது. தெருவில் இத்தனை நாய்கள் வண்டியில் அடிபட்டுச் சாகும்போது, நல்ல முறையில் குட்டி எடுப்பது என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒரு பெட்டையும் அவள் வாரிசுகளும் ஆறு வருடத்தில் 67,000 குட்டி போடும் என்று படித்திருக்கிறேன். நாய் வேண்டும் என்றால் தெருவிலிருந்து எடுங்கள். கரிசல்காட்டான் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கொடுத்த 27 வீட்டிலும் 27 தெருக்குட்டிகள் வளர்ந்திருக்கலாமே.

ஊசிமருந்து:
67,000 கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எல்லாக் குட்டியும் பிழைத்து எல்லாப் பெட்டையும் விடாமல் குட்டி போட்டால் வரும் கணக்கு அது. உண்மை அதைவிடக் கொடுமை. கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் 95 ஈத்து, 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் எழுதினார்கள். குட்டி போடும் வயது வரை பிழைத்தவை 19 சதவீதம்தான். இறந்தவற்றில் 63 சதவீதம் மனிதர்களால். வண்டி, அடி, விஷம், தாயிடமிருந்து தூக்கிப்போவது எல்லாம் சேர்த்து. நாய் அதிகமாகிவிட்டது என்று நாம் பேசும் பேச்சுக்கு அடியில் பத்தில் எட்டு குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றுகால்மணி:
தெருவிளக்கு, உங்கள் வலி என்னுடையதும்தான். ஆனால் கரிசல் அண்ணன் மாதிரி ஆட்களிடமிருந்து எங்கள் காப்பகத்துக்கு இதுவரை ஒரு நாய்கூட வந்ததில்லை, அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வதால். வருவதெல்லாம் "ஒரே ஒரு ஈத்து" வீடுகளிலிருந்தும், கூண்டில் அடைத்துக் கறப்பவர்களிடமிருந்தும், வளர்த்த நாயைக் கட்டாமல் தெருவில் விடுபவர்களிடமிருந்தும்தான். வீட்டுக் கடுவன் ராத்திரி சுற்றிவிட்டு வந்தால் அந்தத் தெருவில் பிறப்பதும் வீட்டு நாயின் குட்டிதானே.

சென்னை வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேல் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றது. எண்ணிக்கை குறையவே இல்லை. கருத்தடைதான் வழி என்று ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே சொல்ல ஆரம்பித்தது. மாநகராட்சி அதை ஏற்றுக் கொல்வதை நிறுத்த 1996 ஆயிற்று. வழி தெரிந்த பிறகும் வேலை சரியாக நடந்ததா? 2018 கணக்கெடுப்பில் சென்னைத் தெருக்களில் 57,000 நாய்கள், 2024-இல் 1.81 லட்சம். குறுகிய காலத்துக்குள் ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்காவது செய்து முடித்தால்தான் எண்ணிக்கை நிற்கும். இந்தத் தெருவில் நான்கு, அந்தத் தெருவில் இரண்டு என்று செய்தால் செய்யாத பெட்டை ஒரே வருடத்தில் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நாற்பது நாய்க்கு நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். 22-ஆம் தேதி அதை மாற்றி, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். மூச்சு வந்தது. ஆனால் குழந்தையை நாய் கடித்த வீட்டில் போய் நான் என்ன சொல்ல முடியும்? அவர்கள் கோபம் பொய்யில்லை. அந்தக் கோபம் கடைசியில் நாயின் மேல் விழுகிறது, அதைப் பெருக்கிவிட்டுத் தெருவில் விட்டவர்களை யாரும் கேட்பதில்லை.

தெருவிளக்கு:
அந்தக் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். 27 வீடு என்று சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் அண்ணே. ஆனால் திண்ணைவீடு நண்பருக்கு என் பதில் மாறவில்லை, வேண்டாம்.

கரிசல்காட்டான்:
மன்னிப்பு எதுக்கு. நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். என் வீட்டிலும் இரண்டு தெருநாய் இருக்கிறது, கன்னிகளை அதட்டி வைப்பது அந்த இரண்டும்தான்.

திண்ணைவீடு தம்பி, அந்தக் கடுவனின் சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மின்னியின் தாய், தகப்பன் யார் என்று அவருக்குத் தெரியுமா? அவர் நாய்க்குப் புருசெல்லா பார்த்திருக்கிறாரா? விற்காத குட்டியில் பாதியை அவர் வைத்துக்கொள்வாரா? பதிலை இங்கே எழுதுங்கள்.

திண்ணைவீடு:
கேட்டேன். மூன்றாவது கேள்விக்கே போகவில்லை. முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது, அவருடைய கடுவனும் மின்னியும் ஒரே தாய்க்கு வெவ்வேறு ஈத்தில் பிறந்தவர்கள். "அதனாலென்ன, நாய்தானே" என்றார். மாமாவுக்கும் இது தெரிந்தே இருந்திருக்கிறது.

அம்மாவிடம் டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அதைவிட கோவைச்சாரல் போன் செய்த கதைதான் அவரைத் தொட்டது. "போன் எடுக்காத அந்த ஒண்ணு என்னாச்சுன்னு தெரியலியா" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். கருத்தடைக்குச் சம்மதித்துவிட்டார்.

கோவைச்சாரல்:
அம்மாவிடம் சொல்லுங்கள், ஆறாமவர் நேற்றுத்தான் திரும்பக் கூப்பிட்டார். அந்த நாய் பொள்ளாச்சியில் அவருடைய அப்பாவோடு இருக்கிறது, வயது 6, கொஞ்சம் குண்டு. படம் அனுப்பினார். தோட்டத்துக்குப் போனதை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திண்ணைவீடு:
மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று மின்னிக்கு அறுவை முடிந்தது. மயக்க மருந்து பற்றிக் கேட்டதும் அங்கிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், எங்கே படித்தீர்கள் என்றார். மாலை நான்கு மணிக்கு எழுந்து நின்றுவிட்டாள். கம்பளி உண்மையிலேயே தேவைப்பட்டது, ஊசிமருந்து ஐயாவுக்கு நன்றி.

ஒரு அவசரக் கேள்வி. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை இரவுக்குள் மூன்று தரம் கழற்றிவிட்டாள், கழுத்து அவ்வளவு மெலிசு. தையலை நக்குகிறாள். என்ன செய்வது?

மூன்றுகால்மணி:
பழைய பனியன் ஒன்றை எடுங்கள். முன்னங்கால்களைக் கை ஓட்டையில் விட்டு, கீழ்ப்பக்கத்தை இடுப்பில் தளர்வாக முடிச்சுப் போடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் முடிச்சை அவிழ்த்து மேலே மடித்துவிடுங்கள். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், இரண்டு மூன்று பனியன் தயாராக இருக்கட்டும்.

ஊசிமருந்து:
பனியன் போதும். பத்து நாள் ஓட விடாதீர்கள், வாசலுக்குப் போனாலும் கயிற்றோடுதான். தையல் சிவந்து வீங்கினாலோ நீர் கசிந்தாலோ காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

திண்ணைவீடு:
அப்பாவின் பனியனைப் போட்டிருக்கிறோம். அம்மா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். நக்குவதை விட்டுவிட்டாள், தூங்குகிறாள்.